திரையில் வரும் கொழுப்பு எண்ணுக்கு முன்னால்

உடலமைப்பை அளக்கும் பயோ-இம்பீடன்ஸ் கருவியின் திரையில் கொழுப்பு இத்தனை சதவீதம், தசை இத்தனை கிலோ, நீர் இத்தனை லிட்டர் என்று எண்கள் வரிசையாக வந்து நிற்கும்போது, அவை அனைத்தையும் கருவியே நேரடியாக அளந்து சொல்கிறது என்றுதான் பெரும்பாலானோர் எண்ணுகிறார்கள். ஊட்டச்சத்து ஆலோசனைப் பணியில் பல ஆண்டுகளாக இந்தக் கருவியைக் கையாண்டுவரும் நான், அதைப் புதிதாகப் பயன்படுத்த வருபவர்களிடம் முதலில் சொல்வது இதுதான்: இந்தக் கருவி அளப்பது இரண்டே இரண்டு எண்களை. ஒன்று மின்தடை (resistance), மற்றொன்று மின்மறுப்பு (reactance). இரண்டும் ஓம் கணக்கில் வருபவை. திரையில் தெரியும் மற்ற எல்லாம் இந்த இரண்டையும், நாம் உள்ளிடும் உயரம், எடை, வயது, பால் ஆகியவற்றையும் ஒரு சமன்பாட்டில் இட்டுப் பெறும் மதிப்பீடுகள். இதை மனத்தில் இருத்திக்கொண்டால், கருவியை எப்படிப் பயன்படுத்துவது, எப்படிப் பராமரிப்பது, எந்த மாற்றத்தை நம்புவது என்ற கேள்விகளுக்கான விடைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெளிவடையும்.

அளவீட்டின் அடிப்படை எளிமையானது. நீரும் அதில் கரைந்துள்ள உப்புகளும் மின்னோட்டத்தை நன்கு கடத்துகின்றன. கொழுப்புத் திசு மிகக் குறைவாகவே கடத்துகிறது. கொழுப்பு நீங்கலான உடல் நிறையில், நலமாக உள்ள பெரியவர்களிடம், ஏறத்தாழ 73 சதவீதம் நீர். ஆகவே உடலின் வழியே மிகச் சிறிய மாறுதிசை மின்னோட்டத்தைச் செலுத்தி, அது சந்திக்கும் எதிர்ப்பை அறிந்தால் நீரின் அளவை மதிப்பிடலாம். நீரிலிருந்து கொழுப்பற்ற நிறையையும், மொத்த எடையிலிருந்து அதைக் கழித்துக் கொழுப்பையும் பெறலாம். ஒற்றை அதிர்வெண் கருவிகள் பொதுவாக 50 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், 800 மைக்ரோஆம்பியர் அல்லது அதற்கும் குறைவான மின்னோட்டத்தைப் பயன்படுத்துகின்றன. அந்த அதிர்வெண்ணில் அவ்வளவு சிறிய மின்னோட்டத்தை உடல் உணர்வதில்லை. செல் சவ்வுகள் சிறு மின்தேக்கிகளைப் போல நடந்துகொள்வதால் மின்மறுப்பு எழுகிறது. குறைந்த அதிர்வெண்ணில் மின்னோட்டம் பெரும்பாலும் செல்களுக்கு வெளியே உள்ள நீரிலேயே செல்லும். அதிர்வெண் கூடக் கூடச் சவ்வுகளைக் கடந்து உள்ளேயும் நுழையும். பல அதிர்வெண் கருவிகள் செல்லுக்கு உள்ளிருக்கும் நீரையும் வெளியிலிருக்கும் நீரையும் தனித்தனியே மதிப்பிட முயல்வது இந்தப் பண்பைக் கொண்டுதான்.

1960-களின் தொடக்கத்தில் பிரான்சில் தோமாசே என்ற மருத்துவர் தோலுக்குள் ஊசிகளைச் செருகி உடல் நீரை இவ்வாறு ஆராய்ந்தார். 1969-இல் ஹாஃபரும் அவருடைய குழுவினரும், உயரத்தின் வர்க்கத்தை மின்னெதிர்ப்பால், அதாவது மின்தடையும் மின்மறுப்பும் சேர்ந்த மொத்த எதிர்ப்பால், வகுத்தால் வரும் எண் உடலின் மொத்த நீரோடு நெருக்கமாகப் பொருந்துவதைக் காட்டினார்கள். 1985-இல் லுகாஸ்கியும் அவருடைய சகாக்களும் தோலின் மேல் ஒட்டும் நான்கு எலக்ட்ரோடுகளைக் கொண்டு கொழுப்பற்ற நிறையை மதிப்பிடும் முறையை வெளியிட்டார்கள். இந்த நான்கு என்ற எண்ணிக்கைக்கு முக்கியமான காரணம் உண்டு. இரண்டு எலக்ட்ரோடுகள் மின்னோட்டத்தைச் செலுத்துகின்றன. மற்ற இரண்டும் மின்னழுத்தத்தை மட்டும் உணர்கின்றன. உணரும் எலக்ட்ரோடுகளின் வழியே மின்னோட்டம் ஏறக்குறைய செல்லாததால், தோலின் தொடுதடை அளவீட்டில் பெரிதாகக் கலப்பதில்லை. ஊசி இல்லாமல் அளக்க முடிந்தது இந்த ஏற்பாட்டினால்தான்.

சமன்பாடு என்று பொதுவாகச் சொல்லிக் கடந்துவிடாமல், ஒன்றைக் கையால் போட்டுப் பார்ப்பது பயன் தரும். 2001-இல் ஜெனீவா ஆய்வாளர்கள், 20 முதல் 94 வயது வரையிலான நலமான பெரியவர்களுக்காக, டெக்ஸா எனப்படும் எக்ஸ்-கதிர் ஸ்கேன் அளவீடுகளோடு ஒப்பிட்டு ஒரு சமன்பாட்டை அமைத்தார்கள். சென்டிமீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தை மின்தடையால் வகுத்து, அதை 0.518-ஆல் பெருக்க வேண்டும், எடையை 0.231-ஆலும் மின்மறுப்பை 0.130-ஆலும் பெருக்கிக் கூட்ட வேண்டும். ஆண் என்றால் மேலும் 4.229-ஐக் கூட்ட வேண்டும்; மொத்தத்திலிருந்து 4.104-ஐக் கழித்தால் கொழுப்பற்ற நிறை கிலோவில் கிடைக்கும். உயரம் 165 செ.மீ., எடை 65 கிலோ, மின்தடை 500 ஓம், மின்மறுப்பு 55 ஓம் உள்ள ஓர் ஆணுக்கு இதன்படி 50.5 கிலோ கொழுப்பற்ற நிறையும் 14.5 கிலோ கொழுப்பும், அதாவது சுமார் 22.3 சதவீதக் கொழுப்பும் வரும்.

இனி அதே ஆணின் உடலில் எதுவும் மாறவில்லை என்றும், எலக்ட்ரோடு சற்று இடம் மாறி ஒட்டப்பட்டதாலோ தோல் குளிர்ந்திருந்ததாலோ மின்தடை 520 ஓம் என்று பதிவானது என்றும் கொள்வோம். கொழுப்பு 24.0 சதவீதமாகிவிடும். உயரத்தை 167 செ.மீ. என்று தவறாக உள்ளிட்டால் 21.3 சதவீதம். அளப்பதற்குச் சற்று முன் அரை லிட்டர் நீர் அருந்திவிட்டு வந்தால், அந்த நீர் இரைப்பையில் இருப்பதால் மின்தடை உடனே பெரிதாக மாறுவதில்லை. எடை மட்டும் அரைக் கிலோ கூடும். சமன்பாடு அந்த அரைக் கிலோவில் 115 கிராமைக் கொழுப்பற்ற நிறையிலும், மிச்சமுள்ள 385 கிராமைக் கொழுப்பிலும் சேர்த்துவிடும். வெறும் நீர் கொழுப்பாகக் கணக்கில் ஏறுகிறது. சில வாரங்கள் பாடுபட்டு ஒருவர் குறைக்கக்கூடிய கொழுப்பின் அளவும், கவனக்குறைவான ஒரே ஓர் அளவீட்டில் தோன்றக்கூடிய பிழையின் அளவும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. அளவீட்டின் நிபந்தனைகளில் நான் காட்டும் பிடிவாதத்தைச் சிலர் மிகையென்று கருதுவதுண்டு. இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டிய பிறகு யாரும் அப்படிச் சொன்னதில்லை.

படுத்த நிலையில் அளக்கும் நான்கு எலக்ட்ரோடு முறையையே நான் பெரிதும் நம்புகிறேன். அளக்கப்படுபவர் சில மணி நேரம் உண்ணாமல் இருக்க வேண்டும். இயன்றால் இரவு முழுவதும் உண்ணாதிருந்து காலையில் வருவது நல்லது. முந்தைய நாளில் கடுமையான உடற்பயிற்சியும் மதுவும் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வர வேண்டும். உலோகச் சட்டகத்தில் உடல் படாதபடி, மின்கடத்தாத மெத்தையில் மல்லாந்து படுக்க வேண்டும். கைகள் உடலிலிருந்து சுமார் 30 பாகை விலகியும், தொடைகள் ஒன்றையொன்று தொடாமலும் இருக்க வேண்டும். தொடைகள் தொட்டால் மின்னோட்டம் குறுக்கு வழியில் சென்று மின்தடையைக் குறைத்துக் காட்டும். பருமனான உடலுடையவர்களுக்குத் தொடைகளுக்கு இடையிலும், கைக்கும் மார்புக்கும் இடையிலும் உலர்ந்த துணியை மடித்து வைத்தால் போதும். அந்தத் துணியை வைக்கும்போது காரணத்தைச் சொல்லிவிட்டு மரியாதையோடு வைக்க வேண்டும். உடலளவு எடுக்கப்படுவதே பலருக்குக் கூச்சம் தரும் செயல்.

படுத்தவுடன் பொத்தானை அழுத்திவிடுவது மிகப் பரவலாகக் காணப்படும் வழக்கம். நிற்கும்போது கால்களில் தேங்கியிருக்கும் நீர், படுத்ததும் மெல்ல உடற்பகுதியை நோக்கி நகர்கிறது. கைகால்களில் நீர் குறைவதால் முதல் சில நிமிடங்களில் மின்தடை ஏறிக்கொண்டே இருக்கும். எனவே 5 முதல் 10 நிமிடம் வரை காத்திருக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் ஒரே அளவு நேரம் காத்திருக்க வேண்டும். நான் பத்து நிமிடம் வைத்திருக்கிறேன். அறை குளிராக இருந்து தோல் குளிர்ந்திருந்தால் மின்தடை கூடும். வேகமாக நடந்து வந்து உடல் சூடேறியிருந்தால் குறையும். அந்தப் பத்து நிமிட ஓய்வு இந்த வேறுபாட்டையும் ஓரளவு தணிக்கிறது.

எலக்ட்ரோடுகளை ஒட்டும் இடம் அளவீட்டின் உயிர்நாடி. கையில், உணரும் எலக்ட்ரோடு மணிக்கட்டின் முதுகுப்புறத்தில், சுண்டுவிரல் பக்கம் துருத்தி நிற்கும் எலும்பு முனைக்கு நேர்க்கோட்டில் அமைய வேண்டும். மின்னோட்டம் செலுத்தும் எலக்ட்ரோடு விரல் முட்டிகளுக்குச் சற்றுப் பின்னால் இருக்க வேண்டும். காலில், உணரும் எலக்ட்ரோடு கணுக்காலின் இரு பக்கத்து எலும்பு முனைகளுக்கு நடுவிலும், செலுத்தும் எலக்ட்ரோடு கால்விரல்களின் அடிப்பகுதிக்குப் பின்னாலும் இருக்க வேண்டும். ஒரே கையிலோ காலிலோ உள்ள இரண்டுக்கும் இடையே குறைந்தது 5 செ.மீ. இடைவெளி வேண்டும். இவ்வளவு துல்லியம் எதற்கு என்று கேட்டால் விடை உடலின் வடிவத்தில் இருக்கிறது. மெல்லிய கடத்திக்குத் தடை அதிகம், தடித்த கடத்திக்குக் குறைவு. ஒரு கை உடல் எடையில் சுமார் 4 சதவீதமே. ஆனால் கையிலிருந்து கால் வரை அளக்கும்போது மொத்த மின்தடையில் ஏறத்தாழப் பாதி அந்தக் கையிலிருந்தே வருகிறது. எடையில் ஏறக்குறையப் பாதியைத் தாங்கும் உடற்பகுதியோ மின்தடையில் பத்தில் ஒரு பங்கு அளவே தருகிறது. ஆகவே மெலிந்த மணிக்கட்டில் ஒரு சென்டிமீட்டர் நகர்வதும் எண்ணில் தெரியும். வயிற்றில் சேரும் கொழுப்போ இந்த முறையில் மிகக் குறைவாகவே புலப்படும். வயிற்றுக் கொழுப்பைத் தொடர்ந்து கவனிக்க விரும்புபவர்களுக்கு இடுப்புச் சுற்றளவை அளக்கும் நாடாவை நான் இந்தக் கருவியோடு சேர்த்தே பரிந்துரைக்கிறேன்.

நின்று அளக்கும் தராசு வகைகளுக்கும் இதே தத்துவம்தான். பாதத்துக்குப் பாதம் அளக்கும் தராசில் மின்னோட்டம் முக்கியமாகக் கால்களின் வழியே செல்கிறது. கையில் பிடிக்கும் வகையில் கைகளின் வழியே செல்கிறது. மீதமுள்ள உடலைச் சமன்பாடு ஊகிக்கிறது. கைப்பிடியும் பாதத் தகடும் சேர்ந்த எட்டு எலக்ட்ரோடு கருவிகள் கை, கால், உடற்பகுதி ஒவ்வொன்றையும் தனியே அளக்கின்றன. வீட்டுத் தராசுகளில் விளையாட்டு வீரர் என்றொரு தேர்வு இருந்தால், அதை மாற்றிப் பாருங்கள்: உடல் அதேதான், மின்தடையும் அதேதான், ஆனால் கொழுப்புச் சதவீதம் சில புள்ளிகள் குதிக்கும். மாறியது சமன்பாடு மட்டுமே. இடையில் அந்தத் தேர்வை யாராவது மாற்றிவிட்டால் பழைய பதிவுகளோடு புதியவற்றை ஒப்பிட இயலாது.

பேஸ்மேக்கர் அல்லது உடலுக்குள் பொருத்திய டீஃபிபிரிலேட்டர் (இதயத் துடிப்பை மின்னதிர்ச்சியால் சீராக்கும் கருவி) உள்ளவர்களை இக்கருவியால் அளக்கவே கூடாது. இதில் விதிவிலக்கு தேட வேண்டாம். கருவுற்றிருப்பவர்களுக்கும் தயாரிப்பாளர்கள் இதைப் பரிந்துரைப்பதில்லை. அவர்களுடைய நீர்ச் சமநிலை வேறாக இருப்பதால் வழக்கமான சமன்பாடுகளும் பொருந்தா. அளக்கும் பக்கத்தில் உலோக மூட்டோ தகடோ பொருத்தப்பட்டிருந்தால் மறுபக்கத்தில் அளந்து, அதைக் குறித்து வைத்து, இனி எப்போதும் அந்தப் பக்கத்திலேயே அளக்க வேண்டும்.

பராமரிப்பைத் தனி வேலையாகக் கருதாமல் அளவீட்டின் ஒரு பகுதியாகவே கருத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கருவியோடு வரும் சோதனை மின்தடையாக்கியைப் பலர் பெட்டியிலிருந்து எடுப்பதே இல்லை. பல கருவிகளில் அது 500 ஓம் மதிப்புடையது. நாள்தோறும் முதல் அளவீட்டுக்கு முன் அதை இணைத்து, காட்டும் எண் கையேட்டில் கொடுத்துள்ள எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தூய மின்தடையாக்கியில் மின்மறுப்பு சுழிக்கு மிக அருகில் இருக்க வேண்டும் என்பதால் அந்த எண்ணையும் கவனிக்க வேண்டும். சில கருவிகளோடு மின்தடையாக்கியும் மின்தேக்கியும் சேர்ந்த சோதனைக் கட்டை வரும். அதில் இரண்டு எண்களையும் ஒப்பிடலாம். இந்தச் சோதனையைக் கருவியின் இணைப்புத் துளையில் நேரடியாகச் செய்யாமல், நோயாளிக்கு இணைக்கும் அதே கேபிள், அதே கிளிப் ஆகியவற்றின் வழியாகவே செய்ய வேண்டும். ஏனென்றால் பழுது பெரும்பாலும் பெட்டிக்குள் வருவதில்லை, கேபிளில்தான் வருகிறது.

கிளிப்புக்குச் சற்று மேலே, கேபிள் அடிக்கடி மடியும் இடத்தில், உள்ளே இருக்கும் மெல்லிய செம்புக் கம்பிகள் ஒவ்வொன்றாக அறுபடும். வெளியுறை முழுமையாகவே தெரியும். நான் பணிபுரிந்த ஓரிடத்தில் ஒருவருடைய மின்மறுப்பு எண் அளவீட்டுக்கு அளவீடு மாறிக்கொண்டே இருந்தது, மின்தடை மட்டும் ஓரளவு நிலையாக இருந்தது. சோதனை மின்தடையாக்கியை இணைத்துவிட்டுக் கேபிளின் ஒவ்வொரு பகுதியையும் மெதுவாக வளைத்துப் பார்த்தபோது, கால் பக்கத்துக் கிளிப்பின் அருகில் வளைக்கும் ஒவ்வொரு முறையும் எண் துள்ளியது. புதிய கேபிள் போட்டதும் சரியாயிற்று. தொடர்பு நலிந்தால் பெரும்பாலும் மின்மறுப்புதான் முதலில் தடுமாறுகிறது. அது சிறிய எண் என்பதால் சிறிய பிழையும் அதில் பெரிதாகத் தெரியும். அதனால் கேபிளை இறுக்கமாகச் சுற்றக் கூடாது, கருவியின் மேல் சுருட்டி வைத்து அழுத்தக் கூடாது, கிளிப்பைக் கழற்றும்போது கம்பியைப் பிடித்து இழுக்கக் கூடாது. அகன்ற வளையமாகத் தளர்வாகச் சுற்றித் தொங்கவிடுவதே சிறந்தது. அளக்கும்போதும் கேபிள்கள் ஒன்றன்மேல் ஒன்று பின்னிக் கிடக்காமல், தரையையும் உலோகத்தையும் தொடாமல் இருக்க வேண்டும்.

ஒட்டும் எலக்ட்ரோடுகளின் ஜெல் உலர்ந்துவிட்டால் அவை பயனற்றவை. பையைத் திறந்தால் மீண்டும் காற்றுப் புகாமல் மூடி, வெப்பமில்லாத இடத்தில் வைத்து, திறந்த தேதியைப் பையின் மேலேயே எழுத வேண்டும். ஒருமுறை ஒட்டியதை மீண்டும் ஒட்டக் கூடாது. செலவைக் குறைக்கும் எண்ணத்தில் இது நடப்பதைப் பார்த்திருக்கிறேன், அதனால் கெடுவது அளவீடு மட்டுமல்ல, தூய்மையும்தான். தயாரிப்பாளர் சொல்லும் வகையையே வாங்க வேண்டும். பரப்பு 4 சதுர சென்டிமீட்டருக்குக் குறைவான சிறிய எலக்ட்ரோடுகள் இந்த வேலைக்குப் போதாதவை. ஒட்டுமுன் தோலிலுள்ள எண்ணெயையும் களிம்பையும் ஆல்கஹால் பஞ்சால் துடைத்து, உலர்ந்த பிறகே ஒட்ட வேண்டும்.

உலோகத் தகடுகள் உள்ள கருவிகளில் வியர்வையின் உப்பும் தோலின் எண்ணெயும் நாளடைவில் மெல்லிய படலமாகப் படியும். ஒவ்வொருவருக்கும் பிறகு, கையேடு அனுமதிக்கும் திரவத்தால் நனைத்த மென்மையான துணியால் துடைக்க வேண்டும். திரவத்தைக் கருவியின் மேல் நேரடியாகத் தெளித்தால் தகட்டின் ஓரம் வழியாக உள்ளே கசியும். தின்னர், அசிட்டோன் போன்றவை பூச்சைக் கரைத்துவிடும். உரசும் கரடுமுரடான துணியும் கூடாது. கைப்பிடிகளின் பூச்சு தேய்ந்த இடத்தில் தொடர்பு சீராக இராது. குதிகாலில் தோல் தடித்து வறண்டிருப்பவர்கள் தகட்டில் ஏறுமுன் பாதத்தை ஈரத் துணியால் துடைத்துக்கொள்ளலாம். தராசு சமமான, கெட்டியான தரையில் இருக்க வேண்டும். விரிப்பின் மேல் வைத்தால் எடை பிழையாகும், எடை பிழையானால் கொழுப்பும் பிழையாகும் என்பதை மேலே போட்ட கணக்கே காட்டுகிறது. இடம் மாற்றினால் சுழிநிலையைச் சரிபார்த்த பின்னரே யாரையும் ஏற்ற வேண்டும். மதிப்பு தெரிந்த எடைக்கல்லை அவ்வப்போது வைத்துப் பார்ப்பதும், உயரம் அளக்கும் கோலைச் சரிபார்ப்பதும் இந்தக் கருவியின் பராமரிப்பில் அடங்கும். பேட்டரி தளர்ந்திருப்பதாகக் காட்டும்போது அளக்காமல் மாற்றிவிட வேண்டும். நெடுநாள் பயன்படுத்தாமல் வைப்பதானால் பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும். கசிந்த பேட்டரியால் தொடர்புத் தகடுகள் அரிக்கப்பட்டுவிடும்.

எண்களைப் படிப்பதில் எனக்கு மிகுந்த அக்கறை உண்டு, ஏனென்றால் மனிதர்களை வருந்தச் செய்வதும் அவசர முடிவுகளுக்குத் தள்ளுவதும் அங்கேதான் நடக்கிறது. கவனமாகச் செய்தாலும் ஒரே நாளில் மின்தடை 1 முதல் 2 சதவீதம் வரை வேறுபடக்கூடும். நாளுக்கு நாள், வாரத்துக்கு வாரம் அந்த வேறுபாடு இன்னும் சற்றுக் கூடும். 500 ஓமில் 2 சதவீதம் 10 ஓம். அது மேலே சொன்ன ஆணுக்கு அரைக் கிலோவுக்கும் சற்று அதிகமான கொழுப்பற்ற நிறையாகத் தெரியும். அப்படியானால் ஒரே வாரத்தில் அரைக் கிலோ தசை போய்விட்டது என்று ஒருவர் கலங்குவதற்கு இந்த அளவீடு ஆதாரமாகாது. டயாலிசிஸ் செய்துகொள்பவர்களிடம் இது இன்னும் தெளிவாகத் தெரியும். சில மணி நேரத்தில் உடலிலிருந்து நீர் அகற்றப்பட்டதும் மின்தடை ஏறுகிறது, திரையில் கொழுப்பற்ற நிறை இறங்குகிறது. தசையோ அப்படியே இருக்கிறது. கால்வீக்கம், கடும் நீரிழப்பு, மாதவிடாய்ச் சுழற்சியில் உடல் நீரைத் தேக்கும் நாட்கள் ஆகியவற்றிலும் 73 சதவீதம் என்ற அனுமானம் ஆட்டம் காண்கிறது. இத்தகைய நிலைகளில் சமன்பாட்டை விலக்கிவிட்டு மூல எண்களையே நோக்கும் வழிகள் உண்டு. 1994-இல் இத்தாலியின் பிக்கோலியும் சகாக்களும் மின்தடையையும் மின்மறுப்பையும் உயரத்தால் வகுத்து, வரைபடத்தில் ஒரு புள்ளியாகக் குறித்து நீர்நிலையை ஆராயும் முறையை முன்வைத்தார்கள். கட்டக் கோணமும் (phase angle) அத்தகையதே: நம் எடுத்துக்காட்டில் மின்மறுப்பு 55-ஐ மின்தடை 500-ஆல் வகுத்து, அந்த விகிதத்தை டேன்ஜென்டாகக் கொண்ட கோணத்தைக் கண்டால் சுமார் 6.3 பாகை வரும். அதற்கு எடையோ உயரமோ தேவையில்லை. நலமான பெரியவர்களிடம் 50 கிலோஹெர்ட்ஸில் இது பொதுவாக 5 முதல் 7 பாகை அளவில் அமைகிறது. வயது ஏறும்போதும் நெடுநாள் நோயிலும் குறைகிறது. அதைக் கொண்டு நோயைக் கண்டறிய முடியாது. ஆனால் ஒரே நபரிடம் மாதக்கணக்கில் அது எந்தப் பக்கம் நகர்கிறது என்பது கவனிக்கத்தக்கது.

ஆகவே பதிவேட்டில் கொழுப்புச் சதவீதத்தை மட்டும் எழுதுவது போதாது. மின்தடை, மின்மறுப்பு, அளந்த பக்கம், நேரம், படுத்திருந்த நிமிடங்கள், கடைசியாக உண்ட நேரம், அறை வெப்பம், எந்தச் சமன்பாடு, அன்றைய சோதனை மின்தடையாக்கி காட்டிய எண் ஆகிய அனைத்தும் ஒரே வரியில் இடம்பெற வேண்டும். மூல எண்களைக் காட்டாத கருவியை வாங்குவதற்கு முன் நன்றாக யோசிக்க வேண்டும் என்று கேட்பவர்களிடம் சொல்லிவருகிறேன். சமன்பாடு பின்னாளில் மாறினாலும் மூல எண்கள் இருந்தால் பழைய பதிவுகள் அனைத்தையும் மீண்டும் கணக்கிடலாம். கருவியையே மாற்ற நேர்ந்தால், பழையதை அகற்றுவதற்கு முன் ஒரே காலைப் பொழுதில் அதே நபர்களை இரண்டு கருவிகளாலும் அளந்து, இரண்டு வரிசை எண்களையும் அருகருகே எழுதி வைக்க வேண்டும். அந்த வேறுபாட்டைப் பார்த்த பிறகும் பழைய பதிவுகளில் ஓர் எண்ணையும் திருத்தாமல், புதிய கருவியின் பதிவுகளைப் புதிய பக்கத்தில் தொடங்குவதே என் வழக்கம்.